ஸ்மார்ட் பிளக் வாங்குமுன் அறிய வேண்டியவை

வியாபாரிகளாகிய நாம் ஒரு மூட்டை அரிசி வாங்கினாலும் கையில் அள்ளிப் பார்த்து, ரகம் கேட்டு, நிறை சரிபார்த்த பிறகே பணம் கொடுக்கிறோம். ஆனால் மின்சாரச் சாமான் விஷயத்தில் அந்த ஜாக்கிரதை நம்மில் பலருக்கு இருப்பதில்லை. விலை மலிவு, பெட்டி அழகு என்ற இரண்டையே பார்த்து வாங்கி விடுகிறோம். இப்பொழுது வீடுகளிலும் கடைகளிலும் பரவி வரும் ஸ்மார்ட் பிளக் என்னும் சாமானை அப்படி வாங்குவது தகாது. அது ஏன் என்பதையும், எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதையும் இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

1. இது என்ன பொருள்?

சுவரிலுள்ள மின் துளைக்கும் நமது சாமானின் பிளக்குக்கும் இடையே செருகப்படும் ஒரு சிறு பெட்டியே ஸ்மார்ட் பிளக். அதனுள்ளே இரண்டு உறுப்புகள் முக்கியமானவை. ஒன்று, மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே என்னும் சுவிட்ச். மற்றொன்று, வைஃபை முதலிய வானலை வழியாகக் கட்டளையைப் பெறும் சிறு கணினி. கைத்தொலைபேசியில் நாம் தொட்டால் விளக்கு எரியும்; குறித்த நேரத்தில் அணையும். சில ரகங்கள் எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்றும் கணக்குக் காட்டும்.

நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி, இது நமக்கு அவசியந்தானா என்பதே. கடையின் பெயர்ப் பலகை விளக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு அணைய வேண்டும் என்பது மட்டுமே தேவையானால், திருகி வைக்கும் பழைய டைமர் போதும். அதற்கு இணையமும் வேண்டாம். கணக்கும் திறக்க வேண்டாம். அது யாருக்கும் எதுவும் சொல்லாது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும், மின்செலவை அறிய வேண்டும், நோன்பு மாதத்தில் கடை நேரம் மாறும்பொழுது உட்கார்ந்த இடத்திலிருந்தே நேரத்தை மாற்ற வேண்டும் என்பவர்களுக்கே ஸ்மார்ட் பிளக் பயன்படும்.

2. மின்பலம்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மூன்று சதுரக் கால்கள் உள்ளது. அதற்குரிய உச்ச அளவு 13 ஆம்பியர். 230ஐ 13 ஆல் பெருக்கினால் 2,990 வாட் வரும். ஆனால் எல்லா ஸ்மார்ட் பிளக்கும் 13 ஆம்பியர் தாங்குவன அல்ல. 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 2,300 வாட் வரைதான். 2,800 வாட் கெண்டியை அதில் மாட்டினால் பிளக் சூடேறிக் கருகும்.

மேலும், மோட்டார் உள்ள சாமான்கள் புறப்படும் கணத்தில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். குளிர்பெட்டி, ஃபிரீஸர், காற்றழுத்தப் பம்பு ஆகியவை இவ்வகை. அடிக்கடி இப்படி இழுத்தால் உள்ளேயுள்ள ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு தொலைபேசி "அணைந்தது" என்று காட்டினாலும் சாமான் ஓடிக்கொண்டே இருக்கும்.

உறைந்த இறைச்சியும் மீனும் விற்கும் கடைக்காரர்கள் மற்றொன்றையும் விசாரிக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் பிளக் என்ன செய்யும்? சில ரகங்கள் முன்னிருந்த நிலைக்குத் திரும்பும். சில ரகங்கள் அணைந்தே கிடக்கும். சனிக்கிழமை இரவு பத்து நிமிடம் மின்சாரம் நின்று, ஃபிரீஸர் அணைந்தே கிடந்தால், திங்கட்கிழமை காலையில் சரக்கு முழுவதும் குப்பைக்குப் போகும். ஃபிரீஸரை நேராகச் சுவரில் மாட்டுவதே நல்லது.

இஸ்திரிப் பெட்டி, கெண்டி, எண்ணெய்ச் சட்டி போன்று சூடு தருபவற்றை ஆளில்லாத நேரத்தில் தூரத்திலிருந்து இயக்குவது கூடவே கூடாது. விளக்கு, மின்விசிறி, பெயர்ப் பலகை, ஒலிப்பெட்டி ஆகியவையே இதற்கு ஏற்றவை.

முத்திரையையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் வாங்குபவர்கள் பதிவு எண்ணோடு கூடிய பாதுகாப்பு முத்திரையையும், மலேசியாவில் வாங்குபவர்கள் சிரிம் முத்திரையையும் தேட வேண்டும். இணையச் சந்தையில் மலிவாக வரும் வெளிநாட்டுச் சரக்கில் இவை இல்லாமற் போவது உண்டு. கால்களின் அமைப்பு வேறாயிருந்து, அடாப்டர் சேர்த்து அனுப்பப்படும் பிளக்கை வாங்காதிருப்பதே மேல்.

3. எதனோடு எது சேரும்?

பொருத்தம் பார்ப்பதில் மூன்று படிகள் உண்டு.

முதற்படி, சாமானோடு பொருத்தம். மின்சாரம் வந்தவுடன் தானே ஓடக்கூடிய சாமானைத்தான் ஸ்மார்ட் பிளக் இயக்க முடியும். திருகு சுவிட்ச் உள்ள மின்விசிறி ஓடும். ஆனால் மெல்லத் தொடும் பொத்தான் வைத்த மின்விசிறி, மின்சாரம் வந்த பிறகும் யாராவது பொத்தானைத் தொடும் வரை சும்மாவே இருக்கும். இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. சாமானை ஓடவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள். தானே ஓடினால் பொருந்தும், இல்லையேல் பொருந்தாது.

இரண்டாம் படி, வானலையோடு பொருத்தம். வைஃபை பிளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். வீட்டு ரௌட்டரில் அந்த அலை அணைக்கப்பட்டிருந்தால் பிளக் இணையாது. சிக்பீ என்னும் ரகத்துக்குத் தனியே ஒரு ஹப் வேண்டும். திரெட் என்னும் ரகத்துக்கு அதனை வீட்டு வலையோடு இணைக்கும் வேறொரு கருவி வேண்டும். பிளக் மட்டும் வாங்கி வந்தால் வேலை நடக்காது.

மூன்றாம் படி, கட்டளையிடும் முறையோடு பொருத்தம். ஆப்பிள், கூகுள், அமேசான் ஆகிய மூன்று பெரிய கம்பெனிகளும் தத்தமக்கென ஒரு வழியை வைத்திருந்தன. ஒன்றுக்கென வாங்கியது மற்றொன்றில் நடவாது. இத்தொல்லையை நீக்க, அம்மூவரும் வேறு பல கம்பெனிகளும் சேர்ந்து மேட்டர் என்னும் பொது விதியை உண்டாக்கினர். அதன் முதற் பதிப்பு 2022 அக்டோபரில் வெளிவந்தது. மேட்டர் முத்திரையுள்ள பிளக்கை மூன்று முறைகளிலும் இணைக்கலாம். கட்டளையும் வீட்டு வலைக்குள்ளேயே நடக்கும். செய்த கம்பெனியின் சர்வருக்குப் போய் வர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மின்செலவுக் கணக்குக் காட்டும் வசதி மேட்டர் விதியில் 2024இல் வந்த 1.3 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்திய பிளக்கில் அக்கணக்கைப் பார்க்கக் கம்பெனியின் சொந்தச் செயலியே தேவைப்படலாம்.

4. கம்பெனி கைவிட்டால்?

பிளக் கெடாமலே பயனற்றுப் போவதும் உண்டு. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் கம்பெனி முன்னறிவிப்பு இல்லாமலே தன் சர்வர்களை நிறுத்திற்று. வாடிக்கையாளரின் சாமான்கள் வீட்டில் இருந்தன. தொலைபேசியிலிருந்து இட்ட கட்டளை மட்டும் போய்ச் சேரவில்லை. பின்னர் அச்சாமான்களைப் பயன்படுத்தியவர்களிலேயே சிலர் கூடிக் கம்பெனியை வாங்கி மீண்டும் நடத்தினர். வீமோ என்ற பெயரில் ஸ்மார்ட் பிளக் விற்ற பெல்கின் கம்பெனியும், பெரும்பாலான வீமோ சாமான்களுக்கான சர்வர் சேவையை 2026 ஜனவரி 31ஆம் தேதியோடு நிறுத்துவதாக 2025இல் அறிவித்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாதெனில், சர்வர் நின்றாலும் வீட்டுக்குள்ளேயே இயங்கக் கூடிய பிளக்கே நீடித்து உழைக்கும் என்பதாம். கடைக்காரரிடம், "இணையம் இல்லாவிட்டால் இது ஓடுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிளக்கின் மேல் கையால் அழுத்தும் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. நம் பேரேடு யார் கையில்?

இனி வருவதே இப்பாடத்தின் முக்கியமான பகுதி.

ஸ்மார்ட் பிளக் ஒவ்வொரு முறையும் திறந்ததையும் மூடியதையும் நேரத்தோடு குறிக்கிறது. மின்செலவு அளக்கும் ரகமானால், சில விநாடிகளுக்கு ஒருமுறை அளவையும் குறிக்கும். அஃது ஒரு பேரேடு அன்றோ? அதைப் படிப்பவருக்கு, வீட்டில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்பொழுது உறங்குகிறார்கள், கடை எத்தனை மணிக்கு அடைக்கப்படுகிறது, குடும்பம் ஊருக்குப் போய் எத்தனை நாளாக வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் விளங்கும். மின்சாரம் ஏறி இறங்கும் விதத்தைக் கொண்டே எந்தச் சாமான் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் முறையை ஜார்ஜ் ஹார்ட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1992இலேயே விரிவாக எழுதி வெளியிட்டார். அளவைக் கொண்டு வாழ்க்கையைப் படிப்பது புதிய வித்தையன்று.

நமது கொள்முதல் விலையை அடுத்த கடைக்காரர் அறியக் கூடாதென்று பேரேட்டைப் பூட்டி வைக்கிறோம். நாணயமாற்றுக் கடையோ நகைக் கடையோ வைத்திருப்பவர் தாம் இல்லாத நேரத்தைப் பிறரிடம் சொல்வதில்லை. அதே விவரத்தை ஒரு பிளக் மூலமாக முன்பின் அறியாத கம்பெனிக்குத் தினமும் அனுப்பி வைப்பது எப்படிப் பொருந்தும்?

ஆகவே செயலியை நிறுவும்பொழுது அது கேட்கும் அனுமதிகளைப் படித்துப் பாருங்கள். பிளக்கைத் தேடிக் கண்டுபிடிக்க இருப்பிட அனுமதி கேட்பதுண்டு. இணைத்து முடிந்ததும் அதை நீக்கி விடலாம். தொலைபேசியிலுள்ள பெயர் விலாசங்களைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். விளக்கை அணைக்க அவை எதற்கு? தகவல் எந்த நாட்டில் வைக்கப்படுகிறது, கணக்கை மூடினால் அழிக்கப்படுமா என்பவற்றையும் பார்க்க வேண்டும். வெவ்வேறு பெயரில் விற்கும் பல பிளக்குகள் சீனாவின் துயா கம்பெனியின் ஒரே ஏற்பாட்டில் இயங்குபவை. பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பிப் பயனில்லை.

அந்தரங்கத்தோடு காவலும் சேர்ந்தது. 2016இல் மிராய் என்னும் கெடுநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாதிருந்த கேமராக்கள், ரௌட்டர்கள் முதலியவற்றில் புகுந்து அவற்றைப் படையாகத் திரட்டிற்று. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி டின் என்னும் கம்பெனி தாக்கப்பட்டு, அமெரிக்காவில் பல பெரிய இணையத்தலங்கள் முடங்கின. சாமானின் சொந்தக்காரர்களுக்கோ யாதொன்றும் தெரியாது.

இதற்குப் பின் அரசாங்கங்கள் விழித்தன. சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020இல் நான்கு நிலை முத்திரைத் திட்டத்தைத் தொடங்கிற்று. கடவுச்சொல் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக இருத்தல், மென்பொருளைப் புதுப்பித்தல் போன்றவை அதன் அடிப்படை நிலை. நான்காம் நிலைக்குச் சாமானை உடைத்துப் புக முயன்று சோதிப்பார்கள். எல்லாப் பிளக்குகளிலும் இம்முத்திரை இராது. இருப்பதும் இல்லாததும் ஒரே விலையில் கிடைத்தால், இருப்பதையே எடுங்கள்.

6. பிறர் அந்தரங்கம்

நம் அந்தரங்கத்தைக் காக்க விரும்பும் நாம் பிறருடையதையும் மதிக்க வேண்டும். கடைக்கு மேலே வேலையாட்கள் தங்கும் அறையில் ஸ்மார்ட் பிளக் மாட்டினால், அவர்கள் உறங்குவதும் எழுவதும் முதலாளியின் தொலைபேசியில் தெரியும். வீட்டில் அறை வாடகைக்கு இருப்பவருக்கும் இதே நிலை. மின்கட்டணத்தைக் குறைப்பது நம் நோக்கமாயிருக்கலாம். எனினும் அவர்களிடம் சொல்லி, சம்மதம் பெற்ற பின்பே மாட்டுவது முறை. சொல்லாமல் மாட்டியது பிறகு தெரிய வந்தால், மிச்சமான சில வெள்ளிகளை விடப் பெரியதொன்றை, நம்பிக்கையை, இழப்போம்.

7. மாட்டிய பின் செய்ய வேண்டியவை

முதலாவது, நீண்ட கடவுச்சொல்லை வைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் போடுங்கள். இரண்டாவது, ரௌட்டரில் விருந்தினர் வலை இருந்தால் பிளக்கை அதில் இணைத்து, கல்லாக் கணினியும் வங்கிக் கணக்குப் பார்க்கும் தொலைபேசியும் உள்ள வலையினின்று பிரித்து வையுங்கள். மேட்டர் பிளக் ஆனால், அதற்குக் கட்டளையிடும் கருவியும் அதே வலையில் இருக்க வேண்டும். மூன்றாவது, மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப் போடாதீர்கள். நான்காவது, வேலையை விட்டுச் செல்பவரின் தொலைபேசிக்குக் கொடுத்திருந்த அனுமதியை அன்றே நீக்குங்கள். ஐந்தாவது, பிளக்கை விற்கும்பொழுதோ பிறருக்குக் கொடுக்கும்பொழுதோ பழைய கணக்கிலிருந்து நீக்கி, முதல் நிலைக்குத் திருப்பிய பிறகே கொடுங்கள். ஆறாவது, முதல் வாரத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே கழற்றி விடுங்கள்.

பயிற்சி

ஒரு கடையின் பெயர்ப் பலகை விளக்கு 150 வாட். இரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை வீணாக எரிகிறது. அதை ஸ்மார்ட் பிளக் அணைத்தால் 30 நாளில் மிச்சம் எவ்வளவு? பிளக் தானே எப்பொழுதும் 1 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொள்க.

விடை: 150 வாட் 6 மணி நேரம் எரிந்தால் 900 வாட்-மணி, அதாவது 0.9 யூனிட். 30 இரவுக்கு 27 யூனிட். பிளக்கின் சொந்தச் செலவு 30 நாளுக்கு 0.72 யூனிட். கழித்தால் மிச்சம் 26.28 யூனிட். இதை உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கி, பிளக்கின் விலை எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதே வேலையைச் செய்யும் திருகு டைமரின் விலையையும் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள்.

இலாப நட்டக் கணக்கில் மின்கட்டணத்தை மட்டும் எழுதினால் போதாது. எந்த விவரம் வெளியே போகிறது என்பதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வாங்கலாம் என்று தோன்றினால், தாராளமாக வாங்குங்கள்.