மேட்டு மண்ணும் தரவை மண்ணும்: ஒரே சங்கிலியின் கண்ணிகள்

எமது கமக்காரர் கூட்டமொன்றில் முதியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "சுவாமி, அண்ணன்ரை தோட்டமும் என்ரை தோட்டமும் ஒரே ஊரிலைதான். ஒரே விதைவெங்காயம், ஒரே பசளை. அங்கை பயிர் நிமிர்ந்து நிக்குது. இங்கை நுனி கருகுது. ஏன்?"

அண்ணனின் தோட்டம் செம்பாட்டு மேட்டில் இருந்தது. இவருடைய தோட்டமோ தரவைக்குக் கிட்டிய பள்ளத்தில். நடந்தால் இடையில் கால் மணித்தியாலத் தூரந்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு மண். இப்பாடத்தில் அதன் காரணத்தைத் தேடுவோம்.

சரிவும் மண்ணும்

மலையகத்தில், ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில், சரிவு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மேற்சரிவில் மண் மெல்லியது. மழைநீர் அதனை அரித்துக் கீழே கொண்டு செல்கிறது. அடிவாரத்தில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். மேட்டிலிருந்து பள்ளம் வரை இவ்வாறு தொடரும் மண்வரிசைக்கு 1935இல் ஜெப்ரி மில்ன் என்ற மண்ணியலாளர் 'கட்டேனா' எனப் பெயரிட்டார். அவர் கிழக்காபிரிக்காவில் பணியாற்றியவர். லத்தீன் மொழியில் இச்சொல்லுக்குச் சங்கிலி என்று பொருள். மேற்கண்ணி இழப்பதைக் கீழ்க்கண்ணி பெறுகிறது.

எமது குடாநாட்டில் மலை இல்லையே என்று கேட்கலாம். குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கு உட்பட்ட உயரமுடையதே. ஆயினும் மாரியில் வழுக்கியாற்றைப் பாருங்கள். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கமாகத் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலியில் கடல்நீரேரியை அடைகிறது. சரிவு எமது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தண்ணீருக்குத் தெரியும்.

மூன்று கண்ணிகள்

முதலாவது, மேட்டுச் செம்பாட்டு மண். சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. இரும்பு ஒட்சைட்டு அதற்குச் செந்நிறம் தருகிறது. சில இடங்களில் ஆளளவு ஆழமுண்டு. கலட்டிக் காணிகளில் ஒரு சாண்கூட இராது. நீர் விரைவாக வடிவதால் வேர் அழுகுவதில்லை. வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை ஆகியவற்றுக்கு உகந்தது. ஆனால் இலைகுழை உக்கிய சத்து இதில் குறைவு. போட்ட பசளையை நெடுநாள் பிடித்து வைத்திருக்கவும் மாட்டாது.

இரண்டாவது, இடைநிலத்து மண். நிறம் மங்கி, மஞ்சளும் சாம்பலும் கலந்து வரும். மாரியில் நீர் தேங்கி நிற்கும். எனவே எம் முன்னோர் இதனை வயலாக்கி, மழையை நம்பி நெல் விதைத்தனர்.

மூன்றாவது, கடல்நீரேரி ஓரத்துத் தரவை மண். இங்கே நிலத்தடி நீர் மேற்பரப்புக்கு மிக அருகில் நிற்கிறது. கோடையில் அந்நீர் மண்ணின் நுண்துளைகளூடாக மேலேறி ஆவியாகிவிட, உப்பு மேலே தங்கி வெள்ளையாகப் பூக்கிறது. உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து விடுகிறது. ஆதலால் மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. உவர் குறைந்த இடத்தில் அறுகும் கோரையும், மிகுந்த இடத்தில் உமரியும் வளரும். புல் மூடிய தரவையில் வெயில் மண்ணை நேரே தாக்குவதில்லை. வேர்கள் மண்ணைத் திறந்து வைக்கின்றன. அளவுக்கு மீறி மேய்த்துப் புல்லை அழித்தால் உப்பு மேலும் பூக்கும்.

உவரைத் தாங்காத பயிர்களில் வெங்காயமும் ஒன்று. முதியவரின் கேள்விக்கு விடை இதுவே. பசளையைக் கூட்டினால் உப்பும் கூடுமேயன்றிப் பயிர் தேறாது.

மறைந்திருக்கும் சரிவு

எமது சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. ஆகவே மழைநீரின் பெரும்பங்கு நிலத்துக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விதி. மேலே ஓரடி குறையும்படி இறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 அடி ஏறக்கூடும்.

மேட்டில் இடும் யூரியாவின் ஒரு பகுதி நைத்திரேற்றாக மாறி, நீரோடு இறங்கிக் கிணறுகளைச் சேர்கிறது. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் இவ்வளவை மீறியுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். உடல் நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. ஆக, மேட்டுத் தோட்டக்காரர் தம் காணியில் செய்வது தம் காணியோடு முடிவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

மேட்டில்: குழை, பனையோலை, எரு ஆகியவற்றைத் தாழ்த்து மண்ணின் பிடிப்பைக் கூட்டுவோம். பட்டி அடைக்கும் வழக்கத்தைக் கைவிடாதிருப்போம். யூரியாவை ஒரேயடியாக இடாது, குறைந்த அளவில் பலமுறை பிரித்து இடுவோம். வரம்பு கட்டி மாரி மழையைக் காணிக்குள்ளே இறங்க விடுவோம்.

பள்ளத்தில்: மாரி நீரை வரம்பால் மறித்து உப்பைக் கரைத்து, பின் வடிய விடுவோம். கோடையில் மண்ணை வெறுமையாக விடாது மூடாக்கு இடுவோம். உவரைத் தாங்கும் நெல்லினங்கள் பற்றியும், ஜிப்சம் இடுவது பற்றியும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிவோம்.

தரவையில்: மாடுகளை மாறி மாறி மேய்த்து, புல் தழைக்க இடம் கொடுப்போம். குப்பை கொட்டும் இடமாக அதனை மாற்றாதிருப்போம்.

செய்முறை

ஊரின் மேடு, இடைநிலம், தரவை ஆகிய மூன்றிலும் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். நிறத்தை ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண்ணைப் போத்தலில் நீரோடு குலுக்கி ஒரு நாள் வையுங்கள்: மணல் அடியில் படியும், களி மேலே நிற்கும். மண்ணில் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. அடியில்லாத தகரப்பேணியை மண்ணில் அழுத்தி நீரூற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறதெனக் குறியுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது காணி சங்கிலியின் எந்தக் கண்ணியில் உள்ளது?

2. எமக்கு மேலேயுள்ள காணியிலிருந்து எமக்கு என்ன வருகிறது? எம்மிடமிருந்து கீழே என்ன போகிறது?

3. எமது கிணற்று நீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது?

அன்று கேள்வி கேட்ட முதியவரும் அவரது அண்ணனும் ஒன்றாக இருந்து இவ்வினாக்களுக்கு விடை தேடினால், அதுவே இப்பாடத்தின் பயன்.