முதலில் தேதிகளைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

பார் கவுன்சிலில் பதிவு முடிந்த கையோடு எழுதியிருக்கிறாய். அரசமைப்புச் சட்ட வழக்கறிஞராக வேண்டும், எந்தத் தீர்ப்பிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். உன்னைப் போல இன்னும் சிலரும் கேட்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

கேசவானந்த பாரதியில் தொடங்காதே. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 7-க்கு 6 பெரும்பான்மை எல்லாம் கல்லூரியிலேயே உனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். அந்தத் தீர்ப்பு எங்கும் ஓடிவிடாது. உன் சீனியரின் அறையில், அலமாரிக்கு மேல் அடுக்கியும் மேசைக்கடியில் தள்ளியும் கிடக்கின்றனவே, தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவருக்குக் கொடுக்கும் ஆவணக் கட்டுகளான குண்டாஸ் புக்லெட்டுகள், அவற்றில் ஒன்றை எடு.

சட்டத்தின் முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. 1982-ஆம் ஆண்டின் 14-வது தமிழ்நாடு சட்டம். சாராய வியாபாரியில் தொடங்கி, மணல் கடத்துபவர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்பவர், வீடியோ திருடுபவர் வரை பெயரிலேயே ஊர்வலம் போகும். ஊரில் எல்லாருக்கும் அது குண்டாஸ்தான். குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. இன்னார் வெளியே இருந்தால் பொது ஒழுங்கு கெடும் என்று மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ திருப்தி அடைந்தால் போதும், 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். தடுப்புக்காவல் கணக்கில் நம் மாநிலம் பல ஆண்டுகளாக நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இப்படியொரு சட்டத்தை அரசமைப்பு எப்படி அனுமதிக்கிறது என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். அனுமதித்தது மட்டுமல்ல, அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே, 22-வது பிரிவில், அதற்கு இடம் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தப் பிரிவு பிறந்த கதையைத் தெரிந்துகொள். உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21-வது பிரிவில், அமெரிக்காவில் இருப்பதுபோல, சட்டமே நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்கும் வாசகத்தை வைப்பதா வேண்டாமா என்று அரசியல் நிர்ணய சபையில் பெரிய விவாதம் நடந்தது. வேண்டாம் என்ற பக்கம் நின்றவர்களில் நம்மூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். கடைசியில் ஜப்பானிய அரசமைப்பைத் தழுவிய வாசகம் வந்தது: சட்டம் வகுத்த நடைமுறைப்படி சுதந்திரத்தைப் பறிக்கலாம். கையை விட்டுப் போனது பெரிது என்று அம்பேத்கருக்குத் தெரியும். அதற்கு ஈடுகட்டவே 1949 செப்டம்பரில் புதிய பிரிவொன்றைக் கொண்டுவந்தார். ஈடுகட்டத்தான் என்று சபையிலேயே சொன்னார். அதுதான் இன்றைய 22. காரணத்தைச் சொல், முறையிட வாய்ப்புக் கொடு, மூன்று மாதத்துக்கு மேல் போனால் உயர் நீதிமன்ற நீதிபதித் தகுதி உடையவர்கள் அடங்கிய அறிவுரைக் கழகம் பார்க்கட்டும். கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் நீ வேலை செய்யப் போகிறாய்.

புக்லெட்டைப் பிரித்ததும் காரணங்கள் பகுதிக்குப் போகாதே. யாரை வழிமறித்தார், கத்தியை எங்கே காட்டினார், பொதுமக்கள் எப்படிச் சிதறி ஓடினார்கள், கடைகள் எப்படி மூடப்பட்டன என்பதெல்லாம் பெரும்பாலும் பெயரையும் தெருவையும் மாற்றிப்போட்ட மாமூல் வாசகங்கள். நீதிமன்றமும் அதற்குள் அதிகம் இறங்காது. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துத் தேதிகளை மட்டும் வரிசையாக எழுது. கைதான தேதி. தடுப்புக்காவல் ஆணையின் தேதி. காரணங்கள் அவர் கையில் கிடைத்த தேதி. காவலில் வைத்ததிலிருந்து ஐந்து நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். மாநில அரசு ஒப்புதல் தந்த தேதி. 12 நாளுக்குள் வராவிட்டால் ஆணை தானாகவே செத்துப்போகும். அறிவுரைக் கழகத்தின் முன் வைத்தது மூன்று வாரத்துக்குள்ளா, கழகம் அறிக்கை தந்தது ஏழு வாரத்துக்குள்ளா. அப்புறம், சிறையிலிருந்து அவர் போட்ட மனு எந்த நாளில் கோட்டைக்குப் போனது, அங்கே எந்த மேசையில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தது.

கடைசியாகச் சொன்னதில்தான் நிறைய வழக்குகள் விழும். 1990-களின் இறுதியில் உச்ச நீதிமன்றம் போன நம் மாநில வழக்கு ஒன்றில் கோப்பு ஐந்து நாள் நகரவில்லை. அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்றது அரசு. அமைச்சர் தலைமையிடத்தில் இல்லை என்பது ஒருவரின் முறையீட்டைக் கிடப்பில் போடப் போதிய காரணம் ஆகாது என்று ஆணையை ரத்து செய்துவிட்டார்கள். அதே காலத்தில் இன்னொரு வழக்கு: தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவருக்குக் கொடுத்த ஆவணங்களில் ரிமாண்ட் தொடர்பான ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் இல்லை. அதுவும் ரத்து. எனவே பக்கத்துக்குப் பக்கம் புரட்டு. மங்கிப்போன ஜெராக்ஸ், பாதி வெட்டுப்பட்ட பக்கம், மொழிபெயர்க்காத ரிமாண்ட் உத்தரவு எல்லாவற்றையும் குறித்துக்கொள். 22(5) சொல்லும் முறையிடும் உரிமை, படிக்க முடியாத ஜெராக்ஸில் பொருளிழந்து போகிறது.

'டெக்னிக்கலா தப்பிச்சுட்டான்' என்று காவல் நிலையத்திலும் சொல்வார்கள், உன் வீட்டிலும் சொல்வார்கள். அதற்காகக் கூச வேண்டாம். விசாரணையின்றி ஒரு மனிதனை ஓராண்டு அடைக்கும் அதிகாரத்தை ஓர் அலுவலரிடம் கொடுத்துவிட்டு, அதற்கு நாம் போட்ட வேலி அந்தத் தேதிகள் மட்டுமே. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்து ஆணை ரத்தாகும்போது பல வழக்குகளில் பல மாதங்கள் கழிந்திருக்கும். ஆணை நிற்காது என்று தெரிந்தே போடுகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. சில மாதம் உள்ளே இருந்தாலே போதும் என்று நினைப்பவருக்கு, பின்னால் வரும் தீர்ப்பு ஒரு பொருட்டில்லை.

புக்லெட்டை இன்று நீதிபதிகளிடம் நீட்ட முடிவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1950-ல் சென்னை மாநிலச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்காக எம்.கே. நம்பியார் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 19, 21, 22 மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றார். தோற்றார். ஆறு நீதிபதிகளில் ஃபசல் அலி மட்டுமே முழு மனதாக அவர் பக்கம் நின்றார். ஆனால் அந்தத் தோல்விக்குள் ஒரு வெற்றி கிடைத்தது. காவலின் காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்றிருந்த, அன்றைய தடுப்புக்காவல் சட்டத்தின் 14-வது பிரிவு அடிபட்டது. பெரிய வாதம் 1970-ல் வங்கி தேசியமய வழக்கில் மெல்லத் தலைதூக்கி, 1978-ல் மேனகா காந்தி வழக்கில் ஜெயித்தது. (நம்பியாரின் மகன்தான் பிற்பாடு அட்டர்னி ஜெனரலான கே.கே. வேணுகோபால்.)

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லூரியில் உனக்கு உரிமைகளை ஒரு தாளாகவும் அரசாங்க அமைப்பை இன்னொரு தாளாகவும் நடத்தியிருப்பார்கள். ஆளுநர், சட்டமன்றம், மத்திய மாநில உறவு எல்லாம் தேர்வுக்கான சரக்கு என்று நீயும் நினைத்திருப்பாய். 1976-ஐப் பார். நெருக்கடி நிலை 1975 ஜூனிலேயே வந்துவிட்டது. விசாரணையின்றி அடைக்க உதவிய மிசா சட்டம் இந்தியா முழுக்க ஒன்றுதான், உரிமைகள் முடக்கப்பட்டதும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் 1976 ஜனவரி 31-ல் 356-வது பிரிவின் கீழ் கருணாநிதி அமைச்சரவை கலைக்கப்படும்வரை, தி.மு.க.வினர் இங்கே கூண்டோடு உள்ளே போகவில்லை. கலைத்த கையோடு கைதுகள் தொடங்கின. சென்னை மத்திய சிறையில் அடித்தார்கள். அடிபட்டவர்களில் முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் இறந்தே போனார். நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் பிறகு அதை விசாரித்தது. அடிப்படை உரிமைகளில் அந்த ஒரு நாளில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது. ஆகவே 356-ஐ வரம்புக்குள் கொண்டுவந்த 1994-ன் பொம்மை தீர்ப்பை நீ தனிமனித சுதந்திரத் தீர்ப்பாகவே படிக்க வேண்டும்.

அதே 1976 ஏப்ரலில் வந்த, நெருக்கடி நிலையில் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு போட முடியாது என்ற ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு உனக்குத் தெரியும், எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார், அவரைத் தாண்டி இளையவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். 1978-ன் 44-வது திருத்தம் 20, 21 பிரிவுகளை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாதபடி செய்தது. எல்லாரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். நீ அரசமைப்பின் அதிகாரபூர்வப் பதிப்பை எடுத்து 22-வது பிரிவின் அடிக்குறிப்பைப் பார். மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்து, உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அறிவுரைக் கழகம் அமைக்க வேண்டும் என்று அதே திருத்தம் சொன்னது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தப் பகுதி அமலுக்கு வரும் நாளை மட்டும் எந்த அரசும் இன்றுவரை அறிவிக்கவில்லை. எத்தனையோ கட்சிகள் டெல்லியில் ஆண்டுவிட்டன. மிசாவில் உள்ளே இருந்தவர்களே ஆண்டார்கள். இந்த விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அதிகாரப் பிரிவினை பற்றியும் ஏட்டில் மட்டும் படிக்காதே. நம் மாநகரங்களில் நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கும் அதிகாரத்தைத் துணை ஆணையர்களுக்குக் கொடுத்து 2013, 2014-ல் அரசாணைகள் வந்தன. பத்திரத்தை மீறினார் என்று சொல்வதும் போலீஸ், விசாரிப்பதும் போலீஸ், உள்ளே அனுப்புவதும் போலீஸ். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அரசாணைகளை அரசமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுக்கப் படி.

தேதி எழுதாத இடங்களையும் கவனி. மசோதா மீது முடிவெடுக்க ஆளுநருக்கு 200-வது பிரிவு நாள் கணக்கு எதுவும் வைக்கவில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்றது. சாராயம் விற்றவரின் கோப்புக்கு 12 நாள், சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் கணக்கில்லை. எனக்கு இது உறுத்துகிறது. உனக்கும் உறுத்தினால் நல்லது.

இனி வேலைக்கு வருவோம். 32-வது பிரிவின் புகழைக் கேட்டு டெல்லிக்கு ஓடாதே. 226 அதைவிட அகலமானது, பக்கத்திலும் இருக்கிறது. அறிவுரைக் கழகத்தின் முன் நீ வழக்கறிஞராக ஆஜராக முடியாது என்று, மகனுக்காக உன்னைத் தேடி வரும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடு; அங்கே அவர் மகன்தான் தனக்காகப் பேச வேண்டும், அதற்கு அவனைத் தயார்செய். மனுவைத் தமிழில், சுருக்கமாக எழுது. ஆணை போட்டவருக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று என்று தனித்தனியாக அனுப்பு. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகப் போனால் பதிவு எண்ணும் தேதியும் கேட்டு வாங்கு. பதிவுத் தபாலில் போனால் ஒப்புகை அட்டையைப் புக்லெட்டின் முதல் பக்கத்தில் குத்திவை. எதிர்மனு வரும்போது அதிலிருக்கும் தேதிப் பட்டியலை உன் தாளோடு ஒப்பிட்டுப் பார். விடுமுறை நாள்களைக் கழித்துவிட்டு மீதியை எண்ணு.

முதல் தாளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. தீர்ப்புகளின் பட்டியல் வேண்டாம், தேதிகள் மட்டும் போதும்.

அன்புடன்,
உன் மூத்த வழக்கறிஞர் அண்ணன்