கட்டளைச் சொற்கள் யாருக்குச் சொந்தம்?



பிரிக்ஃபீல்ட்ஸ் கடை ஒன்றில் "தே ஓ ஐஸ், குராங் மானிஸ்" என்று கேட்கிறீர்கள். பால் இல்லாத, சர்க்கரை குறைந்த, குளிர்ந்த தேநீர் வருகிறது. கிள்ளானிலும் அதே சொற்களைச் சொன்னால் அதே தேநீர்தான் வரும். இரு கடைகளின் அடுப்பும் பாத்திரமும் கலக்கும் கையும் வேறு. கேட்கும் சொற்கள் மட்டும் பொதுவானவை.

கணினியும் இப்படித்தான் இயங்குகிறது. மென்பொருள் வாடிக்கையாளர் என்றால், நுண்செயலி தேநீர் கலக்குபவர். இருவருக்கும் பொதுவான சொற்பட்டியலே 'கட்டளைத் தொகுதி'. 'கூட்டு', 'கழி', 'நினைவகத்திலிருந்து எடு' போன்ற எளிய கட்டளைகள் அதில் இருக்கும்.

ஒரு கட்டளையைப் பார்ப்போம்

நுண்செயலிக்குள் எண்களைத் தற்காலிகமாக வைக்கும் சிறு பெட்டிகளுக்குப் பதிவகங்கள் என்று பெயர். 'பதிவகம் 1-ஐயும் பதிவகம் 2-ஐயும் கூட்டி, பதிவகம் 3-இல் வை' என்ற கட்டளை, ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியில் இப்படி 32 பிட்களாக எழுதப்படுகிறது:

0000000 00010 00001 000 00011 0110011

இரண்டாம் பகுதி 00010, அதாவது 2. மூன்றாம் பகுதி 00001, அதாவது 1. ஐந்தாம் பகுதி 00011, விடை செல்லும் பதிவகமான 3. எஞ்சிய மூன்று பகுதிகளும் சேர்ந்து 'இது கூட்டல்' என்று சொல்கின்றன. பதிவக எண்ணுக்கு 5 பிட்கள் இருப்பதால், 0 முதல் 31 வரை 32 பதிவகங்களைக் குறிக்க முடியும். நான்காம் படிவக் கணிதத்தில் வரும் இரண்டாம் அடிமான எண்கள் இங்கேதான் பயன்படுகின்றன.

பூட்டிய சொற்கள், திறந்த சொற்கள்

'தே ஓ' என்ற சொல் ஒரு நிறுவனத்திற்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். அதைப் புரிந்துகொள்ளும் ஒவ்வொரு கடையும் அந்த நிறுவனத்திற்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். நம் கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் கட்டளைத் தொகுதி அந்த வகை. உரிமம் பெற்றவர்களே அதற்கேற்ற நுண்செயலியைச் செய்ய முடியும்.

2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிர்ஸ்தே அசனோவிச், டேவிட் பேட்டர்சன் ஆகியோரின் குழு வேறு வழியில் சென்றது. அங்கு உருவான ஐந்தாவது ரிஸ்க் வடிவமைப்பு என்பதால் ரிஸ்க்-ஃபைவ் என்று பெயரிட்டு, அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது.

இதனால் என்ன பயன்? சென்னையைப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வீ. காமகோடியின் குழு, ரிஸ்க்-ஃபைவை அடிப்படையாகக் கொண்டு 'சக்தி' நுண்செயலிகளை வடிவமைத்தது. மாணவர்களும் அப்பணியில் பங்கேற்றார்கள். 2018-இல் ஒரு சில்லு அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், இன்னொன்று இந்தியாவில் சண்டிகருக்கு அருகிலும் தயாரானது. 2020-இல் 'மௌஷிக்' வந்தது. 2025-இல் இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கிய 'ஐரிஸ்' அறிவிக்கப்பட்டது.

உள்ளங்கையில் ஒரு கணினி

நுண்செயலி, நினைவகம், இணைப்புத் துளைகள் அனைத்தும் ஒரே அட்டையில் இருந்தால் அது ஒற்றைப் பலகைக் கணினி. 2022-இல் அறிமுகமான 'விஷன்ஃபைவ் 2' ரிஸ்க்-ஃபைவில் இயங்கும் அத்தகைய பலகை. திரையும் விசைப்பலகையும் இணைத்தால் அதில் லினக்ஸ் இயங்கும்.

அதைவிடச் சிறியது, 2024-இல் வந்த 'ராஸ்பெரி பை பைக்கோ 2'. இது முழுக் கணினி அன்று, நுண்கட்டுப்படுத்திப் பலகை. அறிமுக விலை 5 அமெரிக்க டாலர். அதன் சில்லில் இரண்டு ஆர்ம் கருக்களும் இரண்டு ரிஸ்க்-ஃபைவ் கருக்களும் உள்ளன. எதில் இயங்க வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்த ரிஸ்க்-ஃபைவ் கருவை லூக் ரென் என்ற பொறியாளர் தம் ஓய்வு நேரத்தில் வடிவமைத்தார். சொற்பட்டியல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது.

திறந்தது என்றால் இலவசமா?

இல்லை. சொற்கள் இலவசமானாலும் அடுப்புக்கும் தேயிலைக்கும் காசு வேண்டும். சில்லைத் தயாரிக்கும் ஆலைச் செலவு மிகப் பெரியது. நுண்செயலியின் உள் வடிவமைப்பை ஒரு நிறுவனம் இரகசியமாக வைத்துக்கொள்ளவும் தடையில்லை. பழைய மென்பொருள்களில் பல இன்னும் ரிஸ்க்-ஃபைவுக்கு மாற்றப்படவில்லை.

நமக்கு என்ன?

உலகில் சில்லுகளைச் சோதித்துப் பொதியிடும் பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. பிறர் வடிவமைத்த சில்லுகளே அவற்றில் பெரும்பாலானவை. நாமே வடிவமைக்க வேண்டும் என்ற நோக்கில், 2025 மார்ச்சில் நம் அரசாங்கம் ஆர்ம் நிறுவனத்துடன் 10 ஆண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்தது. அதில் வடிவமைப்பு உரிமங்களோடு பொறியாளர் பயிற்சியும் அடங்கும். தேர்ந்த வடிவமைப்பை விலைக்கு வாங்குவது ஒரு வழி. திறந்த சொற்களைக் கற்று நாமே முயல்வது இன்னொரு வழி. இரண்டாவதற்கு உங்கள் வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம். எவருடைய அனுமதியும் தேவையில்லை.

முயன்று பாருங்கள்

'பதிவகம் 4-ஐயும் பதிவகம் 5-ஐயும் கூட்டி, பதிவகம் 6-இல் வை' என்பதை 32 பிட்களாக எழுதுக. மேலே உள்ள கட்டளையைப் போலவே, இரண்டாவதாகச் சொன்ன பதிவகம் முதலில் வரும்.

விடை: 0000000 00101 00100 000 00110 0110011