சார்ஜரைக் கண்டு பயம், எர்த் கம்பியிடம் அலட்சியம்

“ராத்திரி முழுக்க செல்போனை சார்ஜில் போடாதே, வெடிச்சிடும்” என்று பிள்ளையை அதட்டும் அப்பா, அதே வீட்டில் மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்துவிட்டு கிரைண்டரை ஓட்டுகிறார். மின்சாதனங்களைக் கழற்றிப் பார்ப்பதும் மீட்டர் வைத்து அளப்பதும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். இந்த முரண்பாட்டைப் போகும் வீடெல்லாம் பார்க்கிறேன். பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயம் இருக்கிறது. உயிர் போகும் இடத்தில் துணிச்சல் இருக்கிறது. இரண்டும் இடம் மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை: இரவெல்லாம் சார்ஜில் இருந்தால் பேட்டரி ‘ஓவர்சார்ஜ்’ ஆகிவிடும்.

சார்ஜ் நிறைந்ததும் மின்னோட்டத்தை நிறுத்தும் சுற்று ஒவ்வொரு ஸ்மார்ட்போனுக்குள்ளும் இருக்கிறது. நாம் தூங்கினாலும் அது தூங்காது. “புது போனை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போடணும்”, “அடியோடு தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்” என்பவை நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் புழங்கிய காலத்து அறிவுரைகள். 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் பையில் இருப்பது அந்த வகை. அடியோடு தீர விடுவது அதற்கு நல்லதல்ல. சூடும், வெகுநேரம் 100 சதவீதத்திலேயே நிற்பதும் அதன் ஆயுளைக் குறைக்கின்றன. அதனால்தான் பல போன்களில் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி வந்திருக்கிறது, இருந்தால் பயன்படுத்துங்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள், அங்கே சூடு வெளியேற வழியில்லை. பேட்டரி உப்பிவிட்ட போனை ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

நம்பிக்கை: சும்மா செருகி வைத்த சார்ஜர் ஈபி பில்லை ஏற்றிவிடும்.

போன் மாட்டாமல் செருகியிருக்கும் நல்ல சார்ஜர் இழுப்பது சுமார் 0.1 வாட். இரண்டு மாதத்துக்கு அது கால் யூனிட்கூட வராது. போனையே எடுத்துக்கொண்டாலும், 5,000 எம்ஏஎச் பேட்டரியை நாள்தோறும் ஒரு முறை நிரப்பினால், வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 9 யூனிட்தான். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்த பிறகும் பல பெட்டிகள் வெதுவெதுப்பாகவே இருக்கும். 10 வாட் இழுக்கும் பெட்டி இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும். இலவச யூனிட் போக எஞ்சியதற்குப் பணம் கட்டும் வீட்டில் அது கண்ணில் படும் தொகை. படுக்கப் போகும்போது அந்த சுவிட்சை அணைத்தால் போதும்.

நம்பிக்கை: பிளக்கில் செருகும் ‘பவர் சேவர்’ கரண்ட் பில்லைப் பாதியாக்கும்.

இந்த வியாபாரம் எனக்குக் கோபமூட்டுகிறது. ஏனென்றால் இதை வாங்குவது பில்லைக் கண்டு உண்மையிலேயே கலங்குகிற குடும்பங்கள். அந்தப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கெப்பாசிட்டர், பச்சை விளக்கு எரிய ஒரு சிறு சுற்று, அவ்வளவுதான்.

விற்பவர் காட்டும் வித்தையில் பொய் இல்லை, மறைப்பு இருக்கிறது. ஒரு மோட்டாரை ஓட்டி, கம்பியைச் சுற்றி ஆம்பியர் மீட்டரை மாட்டுவார். பெட்டியைச் செருகியதும் ஆம்பியர் குறையும். நம் கண்ணெதிரே குறைவதால் நம்பிவிடுகிறோம். மோட்டார் சுழல்வதற்குச் செலவாகும் மின்னோட்டம் ஒன்று. அதன் காந்தப்புலத்துக்காகப் போய்விட்டுத் திரும்பி வரும் மின்னோட்டம் இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் கெப்பாசிட்டர் பக்கத்திலிருந்தே கொடுக்கிறது, அதனால் மீட்டரில் ஆம்பியர் குறைகிறது. நம் வீட்டு ஈபி மீட்டர் யூனிட்டாகக் கணக்கெழுதுவது முதலாவதை மட்டும். அதில் ஒரு துளியும் குறையவில்லை. பெரிய தொழிற்சாலைகளில் பவர் ஃபேக்டர் குறைந்தால் கூடுதல் கட்டணம் உண்டு. அவர்கள் கெப்பாசிட்டர் பேங்க் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக்கு இல்லை. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டுங்கள். அடுத்த ரீடிங்கிலேயே வித்தியாசம் தெரியும்.

நம்பிக்கை: செல்போன் கதிர்வீச்சை ஸ்டிக்கரும் டாலரும் தடுக்கும்.

செல்போனிலிருந்து வருவது வானொலி அலை. எக்ஸ்ரேயைப் போல அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. உடல் எவ்வளவு உள்வாங்கலாம் என்பதற்கு இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு இருக்கிறது. உங்கள் போனில் *#07# என்று அழுத்தினால் அதன் அளவைப் பார்க்கலாம். ஸ்டிக்கர் நிஜமாகவே அலையைத் தடுத்தால் என்ன ஆகும்? சிக்னல் கிடைக்காத போன் இன்னும் அதிக சக்தியோடு கத்தத் தொடங்கும். லிஃப்ட்டுக்குள் சீக்கிரம் சார்ஜ் இறங்குவதும் இதனால்தான்.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. 5ஜி அலையிலிருந்து காப்பாற்றும் என்று சொல்லி விற்கப்பட்ட டாலர், கண்மூடி, குழந்தைகளுக்கான கைவளை போன்ற 10 பொருள்களை நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்துப் பார்த்தது. அவையே அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுவதைக் கண்டு, யாரும் அணிய வேண்டாம் என்று 2021 டிசம்பரில் எச்சரித்தது. இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற ஆபத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

நம்பிக்கை: ஏசியை 16-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும்.

சாதாரண ஏசியின் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16 என்று வைத்தாலும் 24 என்று வைத்தாலும் அது குளிர்விக்கும் வேகம் ஒன்றே. எப்போது நிற்க வேண்டும் என்பது மட்டுமே மாறும். இன்வெர்ட்டர் ஏசியும் அறை கொதிக்கும்போது எந்த எண்ணில் வைத்தாலும் முழு மூச்சில்தான் ஓடும். மே மாதச் சென்னையில் 16-ஐ எட்டுவது நடக்காத காரியம் என்பதால் கம்ப்ரஸர் விடியவிடிய ஓய்வெடுக்காது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 24-ல் தொடங்கும்படி அமைக்கப்படுவதும் இதற்காகத்தான். 26-ல் வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொள்ளுங்கள், நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நனைந்த போனை அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். தூளும் துகளும் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ல் சொல்லிவிட்டது. அணைத்து, துடைத்து, காற்றோட்டத்தில் வையுங்கள்; நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடாதீர்கள். அடுத்து, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆகாது. முதலாவதில் தூசியும் உலோகத் துணுக்குகளும் இருக்கும், இரண்டாவதில் உப்பு மிச்சமிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று வாங்கினால் பல மாதம் வரும்.

நம்பிக்கை: எம்சிபி இருக்கிறது, செருப்பும் போட்டிருக்கிறோம், ஷாக் ஒன்றும் செய்யாது.

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

எம்சிபி காப்பாற்றுவது கம்பியை. கம்பி தாங்காத அளவு மின்சாரம் ஓடினாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ அது விழும். 16 ஆம்பியர் எம்சிபி 16 ஆம்பியர் வரை பேசாமல் விட்டுவிடும். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க ஆம்பியரில் சிறு பங்கு போதும். 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிக்கொள்ளலாம். 30 மில்லி ஆம்பியரை ஒட்டி உயிருக்கே ஆபத்து தொடங்குகிறது. எம்சிபி விழும் அளவு அதைப்போல 500 மடங்குக்கும் மேல். ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டவரின் உடலில் ஓடும் மின்னோட்டம் எம்சிபிக்குக் கண்ணிலேயே படாது.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. சிலர் பழைய பழக்கத்தில் இஎல்சிபி என்றும் சொல்வார்கள். கறாரான கணக்குப்பிள்ளை மாதிரி, ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது ஓயாமல் சரிபார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யார் உடல் வழியாகவோ வேறு கசிவு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள். கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் மட்டும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே அது இருக்கிறதே என்று துணிந்து வேலை செய்யக் கூடாது.

“அடிக்கடி ட்ரிப் ஆகுது சார், அதான் பைபாஸ் பண்ணிட்டோம்” என்று பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மனம் பதறுகிறது. அது விழுவதற்குக் காரணம் இருக்கும். வாட்டர் ஹீட்டர் காயில் கசியலாம், மழையில் ஊறிய சுவருக்குள் ஒயர் கசியலாம், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறொன்றோடு சேர்த்து முறுக்கியிருக்கலாம். ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

அடுத்தது எர்த். மூன்று முள் பிளக்கில் பெரிய முள் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது, செருகும்போது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியில் பிரிவதற்காக. அதை உடைத்தாலோ இரண்டு முள் அடாப்டரில் மாட்டினாலோ, கிரைண்டருக்குள் ஒரு ஒயர் உரசும் நாளில் அதன் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். பிரிட்ஜைத் தொட்டால் ‘சுர்’ என்கிறது, அது சகஜம் என்று பழகிக்கொள்ளாதீர்கள். லேப்டாப்பின் உலோக மூடியில் தெரியும் மெல்லிய குறுகுறுப்பு பெரும்பாலும் சார்ஜரின் வடிகட்டிக் கெப்பாசிட்டரால் வருவது. ஆளைக் கொல்லாது, ஆனால் அந்தப் பாயின்டில் எர்த் இல்லை என்று பல நேரம் காட்டிக்கொடுக்கிறது. கிரைண்டர், வாஷிங் மெஷின், மோட்டார், ஹீட்டர் ஆகியவற்றில் அப்படித் தெரிந்தால் உடனே மெயினை அணையுங்கள்.

எர்த் எடுக்கச் சோம்பிக்கொண்டு சுவிட்ச் போர்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் இணைத்துவிடும் வழக்கமும் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த வீட்டின் உலோகப் பொருள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஷாக் அடிக்கும். செருப்பு காப்பாற்றும் என்பதும் பாதி உண்மைதான். நனைந்த செருப்பு காப்பாற்றாது. ஒரு கை கிரைண்டரிலும் மறு கை குழாயிலும் இருந்தால் புது ரப்பர் செருப்பாலும் பயனில்லை. கம்பியில் கொடி கட்டித் துணி காயப்போடும் வீடுகளில் அந்தக் கம்பி சர்வீஸ் ஒயருக்கு அருகில் போகிறதா என்று பாருங்கள். கம்பியை அவிழ்த்து எறிந்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள்.

இந்த வாரத்தில் ஒரு நாள் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். ஆர்சிசிபி இருந்தால் அதன் முகப்பில் டி என்ற எழுத்தோடு ஒரு சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் வீட்டில் கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் அது பழுது, மாற்றுங்கள். பொத்தானே இல்லை என்றால், தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டச் சொல்லுங்கள். அப்படியே ஒவ்வொரு பாயின்டிலும் எர்த் இருக்கிறதா என்று டெஸ்ட் பல்பு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியான் டெஸ்டரால் ஃபேஸைத்தான் காட்ட முடியும், எர்த்தைக் காட்ட முடியாது. பிறகு மாதம் ஒரு முறை அந்தப் பொத்தானை நீங்களே அழுத்திப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.