விண்கலம் வரையப் போகிறீர்களா? வெப்பத்திலிருந்து தொடங்குங்கள்

சொந்தமாக ஒரு நட்சத்திரக் கப்பலை வரைய உட்காருபவர்களில் பலர் முதலில் மூக்கை வரைந்துவிடுகிறார்கள். கூரான மூக்கு, பின்சாய்ந்த இறக்கை, வாலில் நீல நெருப்பு என்று பார்த்துப் பழகிய போர் விமானமே தாளில் வந்து இறங்கிவிடுகிறது. காற்றில்லாத வெளியில் ஓடும் கலத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. பென்சிலைத் தொடுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறது? எத்தனை ஆண்டுப் பயணம்? உள்ளே எத்தனை பேர்?

பதில்கள் எப்படி உருவமாகும் என்பதற்கு நல்ல உதாரணம் டீடலஸ். பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி 1973 முதல் 1978 வரை தாளில் உருவாக்கிய கலம் இது. சுமார் 6 ஒளியாண்டு தொலைவிலுள்ள பர்னார்ட் விண்மீனை 50 ஆண்டில் எட்ட வேண்டும், உள்ளே ஆளில்லை. அதற்கு ஒளியின் வேகத்தில் 12 சதவீதம் வேண்டும் என்று கணக்கு வந்தது. மொத்த எடை 54,000 டன், அதில் 50,000 டன் எரிபொருள். படத்தைப் பார்த்தால் எரிபொருள் கோளங்களும் எஞ்சினின் அரைக்கோளக் கிண்ணமும்தான் கண்ணை நிறைக்கும். முன்பக்கத்தில், வழியில் மோதும் தூசியின் அரிப்பைத் தாங்கப் பெரிலியக் கவசம். அழகுக்கென்று எதையும் சேர்க்காத இந்தக் கலத்தை மிக அழகான விண்கலங்களில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

அடுத்தது வெப்பம். புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். விண்வெளி குளிரானது, கலம் தானாக ஆறிவிடும் என்று நினைக்கிறோம். பிளாஸ்க்கில் காபி ஏன் ஆறுவதில்லை? சுவர்களுக்கு நடுவே இருப்பது வெற்றிடம். எஞ்சின் கக்கும் வெப்பத்தைக் கடத்திச் செல்லக் கலத்தைச் சுற்றிக் காற்றோ நீரோ கிடையாது. கதிர்வீச்சாக மட்டுமே அது வெளியேற முடியும். அதற்குப் பெரிய ரேடியேட்டர் தகடுகள் வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் படத்தைப் பாருங்கள். சூரியப் பலகைகளுக்கு நடுவே நீண்டு நிற்கும் வெள்ளைத் தகடுகள் இதற்காகவே.

உங்கள் கலத்துக்கு இறக்கை ஆசை இருந்தால் அதை இங்கே நியாயமாகத் தீர்த்துக்கொள்ளலாம். கெல்வின் அளவில் வெப்பநிலை இரு மடங்கானால் கதிர்வீச்சு 16 மடங்காகும். ஆகவே மங்கிய பெரிய தகடுகளா, செந்தணலாக ஒளிரும் சிறிய தகடுகளா என்பது உங்கள் முடிவு. எதுவானாலும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்காதீர்கள், ஒன்றன் வெப்பத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். கலம் அணு உலையால் ஓடுவதென்றால், உலைக்கும் ஆட்களுக்கும் நடுவே கதிரியக்கத் தடுப்பு இருக்கும். அதன் நிழல் கூம்பாக விரியும், தகடுகளும் அந்தக் கூம்புக்குள் அடங்க வேண்டும். அதனால் உலையருகே குறுகி, தள்ளிப் போகப் போக அகலும் முக்கோணத் தகடு தானாகவே கிடைக்கிறது. இதைக் கற்பனையால் மட்டும் அடைவது கடினம்.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) படத்தின் டிஸ்கவரி கலத்துக்கு ஆரம்ப வரைவுகளில் இத்தகைய தகடுகள் இருந்தன. பார்ப்பவர்கள் இறக்கை என்று எண்ணிவிடுவார்கள் என்பதால் நீக்கப்பட்டன. நீங்கள் நீக்காதீர்கள், இன்றைய வாசகருக்குப் புரியும். அதே கலத்தின் நீண்ட முதுகெலும்பைக் கவனியுங்கள்: எஞ்சினுக்கும் மனிதருக்கும் இடையே தூரமே பாதுகாப்பு. ‘ஸ்டார் டிரெக்’ என்டர்பிரைஸை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸும் எஞ்சின்களை உடலிலிருந்து தள்ளி, கைகளின் நுனியில் வைத்தது இந்த எண்ணத்தில்தான்.

ஈர்ப்பு விஷயத்தில் ஒரு தீர்மானம் போதும். எஞ்சின் தொடர்ந்து உந்தினால் எஞ்சின் பக்கம் தரை, மூக்குப் பக்கம் கூரை. தளங்களை அப்படியே அடுக்குங்கள். சுழற்சியால் ஈர்ப்பு வேண்டுமென்றால் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 2 சுற்றில் பூமியின் ஈர்ப்பு கிடைக்க ஆரம் சுமார் 224 மீட்டர்.

இனி வரையலாம். கறுப்பு மார்க்கரில் கட்டைவிரல் அளவுக்குப் பல நிழலுருவங்கள் போடுங்கள். உள்விவரம் எதுவும் இல்லாமலே அடையாளம் தெரிவதை மட்டும் வைத்துக்கொண்டு பக்கம், மேல், முன் என மூன்று கோணங்களில் வரையுங்கள். பெர்ஸ்பெக்டிவ் சிரமமென்றால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வெறும் உருளைகளும் பெட்டிகளுமாக அடுக்கி, அதன்மேல் வரைவதில் தவறில்லை.

அளவைச் சொல்வது நுணுக்கங்கள்தான். 2 மீட்டர் கதவு ஒன்றை வரைந்து, ஜன்னல், ஏணி, கைப்பிடி எல்லாவற்றையும் அதற்கு ஒப்பிட்டே போடுங்கள். ஜன்னல் பெரிதானால் ஒரு கிலோமீட்டர் கலமும் பேருந்தாகிவிடும். நுணுக்கங்களை உடல் முழுக்கத் தூவாமல் இணைப்புகள், குழாய் முனைகள், பராமரிப்பு வாசல்கள் அருகே நெருக்கிப் போட்டு, மற்ற இடத்தை வெறுமையாக விடுங்கள்.

வண்ணத்தைவிட ஒளிக்கு நேரம் கொடுங்கள். நிலக்காட்சியில் தொலைவுக்குச் சேர்க்கும் நீல மங்கல் காற்றில்லாத இங்கே பொருந்தாது. கலத்தின் தொலைமுனையும் அருகு முனை அளவுக்கே தெளிவாகத் தெரியும். கிரகத்தின் அருகில் என்றால் நிழல் பக்கத்தில் அதன் பிரதிபலிப்பை மெல்லச் சேர்க்கலாம். இரு விண்மீன்களுக்கு நடுவே என்றால் சூரியனே இல்லை. சிவந்த ரேடியேட்டரும் ஜன்னல் விளக்குகளும் பராமரிப்பு விளக்குகளும்தான் வெளிச்சம். அப்படியொரு காட்சிக்கு வெள்ளைத் தாளை விட்டுவிட்டுக் கறுப்புத் தாளில் வெள்ளை, ஆரஞ்சு வண்ணப் பென்சில்களால் தொடங்குவது எளிது.