கோப்பின் தேதியைப் பார்த்த பின்னரே அனுப்புவோம்

ஊழியர்களின் ஊதியத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டிய சிரமம் இன்று இல்லை. பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, தொகை ஆகியவற்றை ஒரே கோப்பில் வரிசைப்படுத்தி இணைய வங்கியில் பதிவேற்றினால் போதும். சில நிறுவனங்களில், குறித்த நேரத்தில் மென்பொருளே கோப்புறையிலிருந்து கோப்பை எடுத்து வங்கிக்கு அனுப்பிவிடுகிறது. இவ்வசதியில் மறைந்திருக்கும் ஓர் இடரையும் அதைத் தவிர்க்கும் வழியையும் இங்கே காண்போம்.

நாற்பது பேர் பணிபுரியும் ஒரு தொழிற்கூடத்தை எண்ணிக்கொள்வோம். மாதந்தோறும் 'சம்பளம்' என்ற ஒரே பெயரில் அங்கே கோப்பு உருவாக்கப்படுகிறது. ஏப்ரல் மாதம் கணக்கர் விடுப்பில் இருந்ததால் புதிய கோப்பு உருவாகவில்லை. மார்ச் மாதக் கோப்பு அங்கேயே இருக்கிறது. மென்பொருள் அதையே எடுத்து அனுப்புகிறது. அமைப்பில் குறையில்லாததால் பிழைச் செய்தி ஏதும் எழுவதில்லை. பணியிலிருந்து விலகியவருக்கு மீண்டும் ஊதியம் செல்கிறது. புதிதாகச் சேர்ந்தவரோ வாடகை கொடுக்க வழியின்றிக் காத்திருக்கிறார்.

இத்தகைய தவற்றைத் தடுக்கக் கிடைக்கும் அவகாசமும் குறைவு. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் சேவை ஆண்டின் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் இயங்குகிறது. அரை மணிக்கு ஒரு தொகுதி வீதம் பரிமாற்றங்கள் தீர்க்கப்படுகின்றன. ஞாயிறு இரவு அனுப்பிய தொகை திங்கட்கிழமைக்காகக் காத்திருப்பதில்லை. பிறர் கணக்கில் சரியாக வரவு வைக்கப்பட்ட தொகையை, அவருடைய இசைவின்றி மீட்பது எளிதன்று.

ஆகவே, அனுப்புவதற்கு முன் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போம்.

1. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பார்க்க வேண்டும். 'உருவாக்கிய தேதி'யை மட்டும் நம்பலாகாது. பழைய கோப்பை வேறிடத்தில் நகலெடுத்தால் அது நகலெடுத்த நாளையே காட்டக்கூடும்.

2. பழைய கோப்பைத் திறந்து மீண்டும் சேமித்தாலே திருத்திய தேதி மாறிவிடும். எனவே கோப்பின் பெயரிலும் தேதியை எழுத வேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் '2025-04-30' என்பது போல எழுதினால் கோப்புகள் கால வரிசையில் நிற்கும். நாள் எது, மாதம் எது என்ற குழப்பமும் நேராது.

3. கோப்பிலுள்ள பெயர்களின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் அம்மாத ஊதியப் பதிவேட்டுடன் ஒப்பிட வேண்டும்.

4. அனுப்பி முடித்த கோப்பை உடனே வேறு கோப்புறைக்கு மாற்ற வேண்டும்.

5. கோப்பின் தேதி பொருந்தாவிடில் அனுப்பாமல் நின்று, பொறுப்பாளருக்குச் செய்தி தருமாறு மென்பொருளை அமைக்கச் சொல்ல வேண்டும். தானே இயங்கும் பணிக்கு இதுவே முதன்மையான காவல்.

6. ஒருவர் தயாரித்த கோப்பை மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கும் முறையைக் கைவிடலாகாது.

காசோலையில் கையெழுத்திடும் முன் தேதியைப் பார்ப்பது நம் பழக்கம். நாற்பது காசோலைகளுக்கு ஈடான ஒரு கோப்புக்கும் அதே கவனம் உரியது. தவறிச் சென்றதாக அறிந்தால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல், பரிமாற்ற எண்களுடன் உடனே நம் கிளையை அணுகுவோம்.