ஸ்பேனருக்கு முன்னால் கேள்வி

களம்பூர் பக்கம் அரிசி மில்லுக்கும் பஞ்சமில்லை, டீசல் மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை. ஐடிஐயில் 'மெக்கானிக் டீசல்' ஒரு வருஷம் முடித்த எல்லோர் கையிலும் அதே சர்டிஃபிகேட்தான். ஊறல் தொட்டியில் நெல் கிடக்கும்போது கரண்ட் போய், ஜென்செட்டும் மக்கர் பண்ணினால், மில் ஓனர் முதல் போன் யாருக்குப் போடுகிறார்? போட்டியே அந்த போனுக்குத்தான். நெல் கூடுதலாக ஊறினால் வாடை அடிக்கும், அரிசி நிறம் கெடும். அந்த நேரத்தில் வந்தவுடன் இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவரை அவர் மறுபடி கூப்பிட மாட்டார்.

1. முதலில் விசாரியுங்கள். திணறித் திணறி நின்றதா, சட்டென்று நின்றதா? கடைசியாக எங்கே டீசல் ஊற்றினார்கள்? உங்களுக்கு முன்னால் யாராவது கை வைத்தார்களா? திணறி நின்றால் பெரும்பாலும் டீசல் வரும் வழியில் அடைப்பு, இல்லையேல் ஏர். சட்டென்று நின்றால் ஸ்டாப் சோலனாய்டு, ஒயரிங் பக்கம் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் உண்மையான பதில் வராது. நட்டின் மேல் இருக்கும் புதுக் கீறல் சொல்லிவிடும்.

2. செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். காற்றை அழுத்திச் சூடாக்கி அதில் டீசலைப் பீய்ச்சுவது, 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய அதே வேலைதான் இன்றும். ஆகவே டீசல், காற்று, கம்ப்ரஷன் என்ற வரிசையில் போங்கள்.

கொஞ்ச நேரம் ஓடி ஓடி நிற்கிறதா? டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும். அடுத்தது ஃபில்டர். மாற்றியதும் ஏர் எடுக்காமல் செல்ஃப் அடித்து பேட்டரியைத் தீர்க்காதீர்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் ப்ளீட் போல்ட்டைத் தளர்த்தி ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். முதலில் நுரை பொங்கும். குமிழி இல்லாமல் டீசல் சீராக வரும்போது, அடித்தபடியே போல்ட்டை இறுக்குங்கள். மறுபடியும் ஏர் பிடிக்கிறதா? பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருப்பார்கள். டேங்க் கீழே இருக்கும் இன்ஜினில் டீசல் வெளியே சொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். அதனால்தான் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

3. புகையைப் படியுங்கள். கரும்புகைக்கு ஏர் ஃபில்டர், நாசில், ஓவர்லோடு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப்புகை மட்டும் வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை; டைமிங், கம்ப்ரஷன் பாருங்கள். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஐடிலில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது பழைய வழி. எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். ஆனால் விரலைக் குறுக்கே வைக்காதீர்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் ஆபரேஷன்தான். காமன் ரெயில் இன்ஜினில் இந்த வித்தையே கூடாது.

4. ஊரைத் தாண்டி யோசியுங்கள். காசிமேடு, ராமேஸ்வரம் விசைப்படகுகளிலும் டீசல் இன்ஜின்தான். பழைய பாய்மரப் படகுகளின் அடியிலும் சின்னதாக ஒன்று உட்கார்ந்திருக்கும். துறைமுகத்துக்குள் ஒழுங்காக ஓடியது, அலை ஏறியதும் நிற்கும். டேங்க் அடியில் படிந்த தண்ணீரும் கசடும் குலுங்கி எழுந்து ஃபில்டரை அடைத்திருக்கும். வரப்பு ஏறி இறங்கும் பழைய டிராக்டரில் இதே கதையைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல. படகு வேலைக்கான இன்டர்வியூவில் அதைச் சொல்லுங்கள். புதிதாகக் கற்க வேண்டியது கூலிங். சைலன்சர் வழியாகக் கடல் தண்ணீரும் வெளியேறும் படகில் அந்தத் தண்ணீர் நின்றால், ரப்பர் இம்பெல்லரைக் கழற்றுங்கள். இறகு உடைந்திருந்தால் துண்டு ஒவ்வொன்றையும் தேடி எடுங்கள். விட்ட துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் அடைக்கும்.

5. கூலி விஷயத்தில் கூச்சம் வேண்டாம். பார்க்கும் சார்ஜை போனிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 'மூடியில் ஊசி குத்தியதற்கு இவ்வளவா?' என்பார் ஓனர். கழற்றிய ஃபில்டரை அவர் எதிரிலேயே வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் கறுப்புக் கசடை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் கழுவும் வேலையையும் அவரே கேட்பார்.